சங்லுன் கடையில் தாய்லாந்துக் காப்புறுதி: ஒரு மோட்டார் சைக்கிளோட்டியின் மதிப்பீடு

தாய்லாந்துக்கு மோட்டார் சைக்கிளில் போகிற மலேசியர்களுக்குச் சங்லுன் நன்கு பழக்கமான ஊர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை புக்கிட் காயூ ஹீத்தாம் எல்லைச் சாவடியில் முடிவதற்குச் சற்று முன்னதாக, கெடா மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் இந்தச் சிற்றூரின் கடைத்தெருவில், சாப்பாட்டுக் கடைகளுக்கும் நாணய மாற்று நிலையங்களுக்கும் நடுவே, தாய்லாந்துக் காப்புறுதி எடுத்துத் தருவதாகவும் எல்லைப் படிவங்களை நிரப்பித் தருவதாகவும் அறிவிக்கும் பலகைகளைக் காணலாம். எங்களில் பெரும்பாலோர் அங்கே ஐந்து நிமிடம் நின்று, கொடுத்த காகிதத்தை மடித்து இருக்கைக்கு அடியில் செருகிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறோம். நானும் பல முறை அப்படித்தான் செய்திருக்கிறேன். 2025 ஆகஸ்ட் இறுதியில், தேசிய தின விடுமுறையை ஒட்டி மைத்துனருடன் சொங்க்லா வரை போய்வந்தபோது, முதன்முறையாக அத்தகைய கடையொன்றில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேலையை முடித்தேன். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

கடையின் பெயரை எழுதவில்லை. அந்தத் தெருவில் இதே வேலையைச் செய்யும் கடைகள் பல உண்டு. எந்தக் கடையில் நுழைந்தாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைச் சரிபார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2023-ஆம் ஆண்டு, எல்லையை ஒட்டிய வேறொரு கடையில் அவசர அவசரமாகக் காப்புறுதி எடுத்துக்கொண்டு ஹட்யாய் போயிருந்தேன். இரண்டாம் நாள் மாலை, நகரின் ஒரு சந்திப்பில், எனக்கு முன்னே போன ஸ்கூட்டர் திடீரென்று வேகம் குறைந்தபோது என் முன்சக்கரம் அதன் பின்பகுதியில் இடித்துவிட்டது. ஓட்டிய பெண்ணுக்கு ஒன்றும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கைக்கு முழங்காலில் தையல் போடும் அளவுக்குக் காயம். மருத்துவமனையின் பதிவு முகப்பில் என்னிடம் முதலில் கேட்டது கடப்பிதழை அல்ல, தாய்லாந்துக் காப்புறுதிக் காகிதத்தைத்தான். கொடுத்தேன். அவர்கள் வண்டியின் சட்டகத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் சேசிஸ் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பதிவே இல்லை என்றார்கள். கடைக்காரர் சுழியம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஓ எழுத்தைத் தட்டியிருக்கிறார் என்பதை, மறுநாள் மதியம் வரை தொலைபேசியில் அலைக்கழிந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். அதுவரை அந்தச் சிறுமியின் தாயார் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. காகிதமே இல்லாமல் ஊருக்குள் வந்தவன் என்று என்னை நினைத்திருப்பார் என்பதுதான் என்னை வருத்தியது.

சேசிஸ் எண் அமைப்பில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் பயன்படுத்தப்படுவதே இல்லை. ஒன்று, சுழியம் ஆகிய இலக்கங்களோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவே அவை விலக்கப்பட்டிருக்கின்றன. மலேசிய வாகனப் பதிவெண்களின் எழுத்துத் தொடரிலும் ஐ, ஓ இரண்டையும் இதே காரணத்தால் தவிர்க்கிறார்கள். எனவே உங்கள் காப்புறுதிக் காகிதத்தின் சேசிஸ் எண்ணில் இந்த எழுத்துகளில் ஒன்று தென்பட்டால், அது தவறு என்பதை மேற்கொண்டு எதையும் பார்க்காமலே சொல்லிவிடலாம். இந்தச் சிறு செய்தி எனக்கு அன்று தெரிந்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

இனி இப்போதைய கடைக்கு வருகிறேன். முகப்பில் இருந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி. கெடாவில் தலைமுறை தலைமுறையாக வாழும் சயாமியச் சமூகத்தைச் சேர்ந்தவர். எங்களோடு மலாயில் பேசினார், தொலைபேசியில் தாய் மொழியில் பேசினார், காகிதத்தில் இருந்த தாய் எழுத்துகளைத் தடையின்றிப் படித்தார். இது அலங்காரத் தகுதி அன்று. தாய்லாந்துக் காப்புறுதிப் பத்திரம் பெரும்பாலும் தாய் மொழியில்தான் இருக்கும். அதை விற்பவருக்கே படிக்கத் தெரியாவிட்டால், வாங்குகிற நமக்கு அது வெறும் முத்திரை குத்திய தாள்தான். நான் அக்கா என்ற பொருளில் மலாயில் "கக்" என்று விளித்து, ஒவ்வொரு வரியும் என்ன என்று கேட்டபோது, அவர் சலித்துக்கொள்ளாமல் பென்சிலால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் மலாயில் குறித்துக் கொடுத்தார்.

அவர் விளக்கிய முறையை அப்படியே பதிவு செய்வது பயனுள்ளது. அங்கே விற்கப்படுவது, தாய்லாந்துக்காரர்கள் "போ ரோ போ" என்று மூன்று எழுத்துகளால் குறிப்பிடும் கட்டாயக் காப்புறுதி. வாகன விபத்தால் பாதிக்கப்படுவோரின் பாதுகாப்புக்காக 1992-இல், அதாவது அவர்களுடைய புத்த ஆண்டுக் கணக்கில் 2535-இல், இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அந்நாட்டுச் சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் இது இருந்தாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து சில நாள்களுக்கு வரும் மோட்டார் சைக்கிளுக்கும் விலக்கில்லை. இல்லாமல் ஓட்டினால் 10,000 பாட் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. விபத்து நடந்தால், தவறு யாருடையது என்று தீர்மானிக்கப்படுவதற்கு முன்பே, காயமடைந்தவரின் சிகிச்சைக்காக 30,000 பாட் வரை முதற்கட்ட இழப்பீடு கிடைக்கும். இதை 180 நாள்களுக்குள் கோர வேண்டும். தவறு மற்றவர்மேல் என்று முடிவானால், பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சைச் செலவு 80,000 பாட் வரை உயரும். உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் உச்சவரம்பு, 2020 ஏப்ரல் முதல், 500,000 பாட்.

இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். அடுத்து அவர் சொன்ன இரண்டு செய்திகளைத்தான், இத்தனை ஆண்டுகளில் எந்தக் கடையிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதலாவது, இந்தக் காப்புறுதி மனித உடலுக்கும் உயிருக்கும் மட்டுமே உரியது. இடிபட்ட வாகனத்துக்கும் உடைந்த கடைக்கதவுக்கும் இதில் ஒரு காசும் கிடையாது. 2023-இல் அந்த ஸ்கூட்டரின் பின்விளக்கையும் பக்கவாட்டு மூடியையும் மாற்றித் தந்த செலவு ஏன் என் கையிலிருந்தே போனது என்பது எனக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. அன்று கடைக்காரரையும் காப்புறுதியையும் ஒன்றாகச் சேர்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்துப்பிழை கடைக்காரருடையது, ஸ்கூட்டர் செலவு சட்டத்தின் எல்லை.

இரண்டாவது, நம்மைப் பற்றியது. விபத்துக்கு நாமே காரணமாக இருந்தாலோ, மழையில் வழுக்கித் தனியாக விழுந்தாலோ, நமக்குக் கிடைப்பது அந்த முதற்கட்டத் தொகை மட்டுமே. எலும்பு முறிந்து தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை என்றால் 30,000 பாட் எந்த அளவுக்குத் தாங்கும் என்று எண்ணிப் பாருங்கள். "உங்களுக்குத் தனியாகப் பயணக் காப்புறுதி இருக்கிறதா? அதில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு இடம் கொடுத்திருக்கிறார்களா?" என்று அவர் கேட்டார். அவர் அதை விற்பவர் அல்லர்; கேட்டதால் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. என்னிடம் இருந்த பயணக் காப்புறுதியின் விதிகளை அங்கேயே கைப்பேசியில் திறந்து படித்தபோது, உரிய வகை ஓட்டுநர் உரிமம் இருந்தால் மட்டுமே மோட்டார் சைக்கிள் விபத்துக்கு இழப்பீடு உண்டு என்று எழுதியிருந்தது. என்னுடையது 373 சிசி எந்திரம் கொண்ட மொடெனாஸ் டொமினார். உரிமம் எல்லாக் கொள்ளளவுக்கும் செல்லும் பி வகை என்பதால் எனக்குச் சிக்கல் இல்லை. 250 சிசிக்கு மேற்படாத வண்டிகளுக்கான பி2 உரிமத்தை வைத்துக்கொண்டு பெரிய வண்டியில் எல்லை தாண்டுகிறவர்களை நான் அறிவேன். ஆசியான் நாடுகள் ஒன்றின் ஓட்டுநர் உரிமத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ள 1985-இல் செய்துகொண்ட உடன்பாட்டினால் நம் மலேசிய உரிமம் அங்கே செல்லும் என்பது உண்மைதான். ஆனால், உரிமத்தில் இல்லாத வகையை அந்த உடன்பாடு புதிதாகச் சேர்த்துத் தந்துவிடாது.

காகித வேலை தொடங்கியபோது அவர் செய்த முதல் காரியம் என்னை வியக்கவைத்தது. வண்டியின் உரிமைப் பத்திரமான கிராண்டின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்து, வண்டியின் ஹேண்டிலை ஒருபக்கமாகத் திருப்பச் சொன்னார். ஹேண்டிலுக்குக் கீழே, வண்டிச் சட்டகத்தின் கழுத்துப் பகுதியில் சேசிஸ் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஈப்போவிலிருந்து வந்த வழியெல்லாம் படிந்த பூச்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அது மறைந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்து, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார். நேராகப் பிடித்தால் உலோகம் மின்னுவதால் எழுத்து தெரியாது, சாய்த்துப் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகத் தெரியும். அவர் கிராண்டிலிருந்து மூன்று மூன்று எழுத்தாக வாசிக்க, நான் வண்டியிலிருந்து திருப்பிச் சொன்னேன். பிறகு அவரே கணினியில் தட்டச்சு செய்து, அச்சிடுவதற்கு முன் திரையை என் பக்கம் திருப்பி, மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பதிவெண், எந்திரத்தின் கொள்ளளவு, கடப்பிதழில் உள்ளபடி பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள் என ஒவ்வொன்றும் இதே முறையில் நடந்தது.

நாள் குறிப்பில் ஒரு நுட்பம் உண்டு. பத்திரத்தில் ஆண்டு 2568 என்று அச்சாகியிருந்தது. கிறிஸ்துவ ஆண்டோடு 543-ஐக் கூட்டினால் தாய்லாந்தின் புத்த ஆண்டு கிடைக்கும். 2025 என்பது அங்கே 2568. என் மைத்துனர் அதைப் பார்த்துத் தவறு என்று பதறினார். அவர் மட்டும் அல்லர். முதன்முறை பார்க்கும் எவரும் பதறத்தான் செய்வார்கள். முடியும் நாளைப் பார்க்கும்போது, பக்கத்தில் அச்சாகியிருக்கும் மணியையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கடைக்காரப் பெண்மணி சொன்னதும் முக்கியமானது. கடைசி நாளில்தான் திரும்புவதாகத் திட்டமிட்டால், காப்புறுதி அந்த நாளின் எந்த நேரம் வரை செல்லும் என்பதைத் தெரிந்துகொண்டு, தாய்லாந்து நேரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதையும் மனத்தில் வைத்துக் கணக்கிட வேண்டும். நாங்கள் மூன்று நாளில் திரும்புகிறவர்கள். ஆயினும் அங்கே கிடைத்த மிகக் குறுகிய காலம் ஒன்பது நாள் என்பதால் அதையே எடுத்தோம். வெள்ளத்தாலோ வண்டிப் பழுதாலோ இரண்டு நாள் தங்கிவிட நேர்ந்தால் அந்த இடைவெளி கைகொடுக்கும்.

மைத்துனரின் வண்டியில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. அது 150 சிசி யமஹா. ஆனால் கிராண்டில் இருப்பது அவருடைய தந்தையின் பெயர். நம் வீடுகளில் இது மிகச் சாதாரணம். அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது மகன். மலேசியாவுக்குள் யாரும் கேட்பதில்லை. தாய்லாந்துச் சுங்கத்துறையினரோ, வண்டியைத் தற்காலிகமாக நாட்டுக்குள் கொண்டுவருவதாகப் பதிவு செய்கிறவர்கள். கொண்டுவருபவர் உரிமையாளர் இல்லை என்றால், உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தைக் கேட்பார்கள். மைத்துனரிடம் தந்தையின் அடையாள அட்டை நகல்கூட இல்லை. கடைக்காரர் கடிதத்தின் மாதிரியை அச்சிட்டுத் தந்தார். தந்தையின் கையெழுத்தைத் தாமே போட்டுவிடலாமா என்று மைத்துனர் தயங்கிக் கேட்டபோது, அவர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். மைத்துனரின் தந்தையான என் மாமனார் ஈப்போவில் ஒரு நகலகத்துக்குப் போய், கடிதத்தை அச்சிட்டுக் கையெழுத்திட்டு, அடையாள அட்டை நகலோடு வருடிப் படமாக்கி அனுப்பும் வரை நாங்கள் காத்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் பாதி இதற்கே போயிற்று. வீட்டிலிருந்து புறப்படும் முன் செய்திருக்க வேண்டிய வேலை இது. அந்தக் கண்டிப்பைக் கடையின் குறையாகச் சொல்ல மாட்டேன், அதுவே அந்தக் கடையின் மதிப்பு.

வங்கிக் கடனில் இருக்கும் வண்டிக்கும் இதே போன்ற முன்னேற்பாடு தேவை. என் வண்டியின் தவணை இன்னும் முடியவில்லை. ஒப்பந்தத்தில், நிதி நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி இன்றி வண்டியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற விதி இருந்ததால், இரண்டு வாரம் முன்பே விண்ணப்பித்துக் கடிதம் வாங்கி வைத்திருந்தேன். சங்லுனில் அந்தக் கடிதத்தை நகலெடுத்து கிராண்ட் நகலோடு சேர்த்துப் பின்னடித்துக் கொடுத்தார்கள். சாலை வரியை அச்சிட்டு வண்டியில் ஒட்ட வேண்டியதில்லை, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் மைஜேபிஜே செயலியில் இருந்தால் போதும் என்பது 2023 பிப்ரவரி முதல் நமக்குக் கிடைத்த வசதி. ஆனால் எல்லைக்கு அப்பால் ஒரு போலீஸ்காரரிடம் மலாய் மொழிச் செயலியைத் திறந்து காட்டிப் புரியவைப்பதைவிட, அச்சிட்ட தாளை நீட்டுவது எளிது. கடையில் அதையும் அச்சிட்டுத் தந்தார்கள்.

குடிநுழைவுப் படிவங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வாகன விவரத்துக்கான டி.எம். 2, பயணிகள் பட்டியலுக்கான டி.எம். 3 ஆகியவற்றைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். 2025 மே முதல் தேதியிலிருந்து வெளிநாட்டவர் அனைவரும் வருகைக்கு முந்திய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய மின்னியல் வருகை அட்டையை நாங்கள் வீட்டிலேயே நிரப்பிவிட்டோம். அது முற்றிலும் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது தாய்லாந்துக் குடிநுழைவுத் துறையின் தளம் அன்று. எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு முதியவருக்கு அந்தப் பெண்மணி தம் கைப்பேசியிலேயே அதை நிரப்பித் தந்து, காசு வாங்க மறுத்ததைக் கண்டேன்.

இப்போது குறைகள். கட்டாயக் காப்புறுதி, படிவக் கூலி, நகல் கட்டணம் ஆகிய மூன்றையும் ஒரே தொகையாக எழுதித்தான் ரசீது தந்தார்கள். எனக்கு எல்லாம் சேர்த்து 28 ரிங்கிட் ஆயிற்று. தொகை பெரிதில்லை, ஆனாலும் காப்புறுதிக்கு எவ்வளவு, கடையின் உழைப்புக்கு எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். கேட்டபோது வாயால் பிரித்துச் சொன்னார்களே ஒழிய, ரசீதை மாற்றித் தரவில்லை. காலை ஒன்பது மணிக்கு மேல் கார்களில் வந்த குடும்பங்கள் நிறைந்துவிட, எங்களைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்மணி எங்களை நிறுத்திவைத்து அவர்களையும் பார்க்க வேண்டியதாயிற்று. உதவிக்கு இருந்த இளைஞர் தட்டச்சில் வேகமானவர், ஆனால் சரிபார்க்கும் பழக்கம் இன்னும் அவருக்கு வரவில்லை. மைத்துனரின் பெயரில் இருந்த "அ/ல்" என்பதை விட்டுவிட்டார். திரையை எங்கள் பக்கம் திருப்பியதால்தான் அது கண்ணில் பட்டது. நம் பெயர்களில் தந்தை பெயருக்கு முன், மகன் என்ற பொருளில் வரும் அந்த இரண்டெழுத்து, கடப்பிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே காப்புறுதியிலும் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். இதைத் தமிழர்களாகிய நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதன் பொருள் தெரியாதவருக்கு அது ஒரு தேவையற்ற குறியாகத் தோன்றுவது இயல்பே.

பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கான கூடுதல் காப்புறுதி கிடைக்குமா என்று கேட்டேன். கார்களுக்கு ஏற்பாடு செய்யலாம், மோட்டார் சைக்கிளுக்குத் தங்களிடம் இல்லை என்று அந்தப் பெண்மணி நேராகச் சொல்லிவிட்டார். இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்காதது நல்லதுதான். ஆயினும் இந்தப் பெரிய ஓட்டையோடுதான் நாங்கள் எல்லை தாண்டினோம். இதை அடைக்கும் வழி சங்லுனில் இல்லை, நம் ஊரில் இருக்கிறது. மலேசிய வாகனக் காப்புறுதிப் பத்திரத்தின் எல்லை மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்றோடு முடிகிறது. தாய்லாந்துக்கும் அதை நீட்டித்துத் தர, 101 என்ற எண் கொண்ட பின்சேர்க்கை ஒன்று உண்டு. கூடுதல் பிரீமியம் கட்டி, புறப்படும் முன் நம் காப்புறுதி நிறுவனத்திடமே அதை வாங்க வேண்டும். எத்தனை நாள், எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், வண்டி களவு போனால் உண்டா என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். அதை வாங்கிவிட்டால் சங்லுன் காகிதம் தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி அன்று: தாய்லாந்துச் சட்டம் கேட்பது தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியை. என்னுடைய வண்டிக்கு விரிவான காப்புறுதி இருந்தும், அந்தப் பின்சேர்க்கைக்கு நான் தாமதமாக விண்ணப்பித்ததால் இந்தப் பயணத்துக்குள் கைக்கு வரவில்லை. மைத்துனரின் வண்டிக்கு, நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்களுக்குப் பரவலாக எடுக்கப்படுவதைப் போல, மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே இருந்தது.

எல்லையில் எங்களுக்குப் பெரிய தொல்லை ஏதும் இல்லை. தாய்லாந்துப் பக்கத்துச் சடாவ் சாவடியில் கடப்பிதழ் முத்திரை ஆன பிறகு, சுங்க முகப்பில் வண்டிக்கான தற்காலிக இறக்குமதித் தாளைத் தந்தார்கள். மைத்துனரின் முறை வந்தபோது அதிகாரி கிராண்டையும் கடிதத்தையும் அடையாள அட்டை நகலையும் மேசையில் வரிசையாக வைத்து, கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தார். மைத்துனர் என்னைத் திரும்பிப் பார்த்தார்; சங்லுனில் அவர் கேட்ட கேள்வி எங்கள் இருவருக்கும் நினைவுக்கு வந்தது. முத்திரை விழுந்தது. அந்தச் சுங்கத் தாள் மிக முக்கியமானது. திரும்பும்போது அதை ஒப்படைத்தால்தான் வண்டி நாட்டை விட்டு வெளியேறியதாகக் கணக்கு முடியும். குறித்த நாளுக்குள் முடிக்காவிட்டால் அபராதம். நான் அதைக் காப்புறுதியோடு ஒரே உறையில் வைக்காமல், நனையாத பையில் கடப்பிதழோடு வைத்தேன். காப்புறுதிப் பத்திரத்தைப் படமெடுத்துக் கைப்பேசியிலும், ஒரு நகலை மைத்துனரிடமும் வைத்தோம். அவருடையதன் நகல் என்னிடம் இருந்தது. விழுந்து கிடப்பவரால் தம் பையைத் திறந்து காட்ட முடியாது அல்லவா?

புறப்படும்போது அந்தப் பெண்மணி உறையின் மேல் நான்கு எண்களைத் தடித்த பேனாவால் எழுதித் தந்திருந்தார்: மருத்துவ அவசரத்துக்கு 1669, சுற்றுலாப் போலீசுக்கு 1155, கட்டாயக் காப்புறுதி இழப்பீடுகளைக் கவனிக்கும் மத்திய நிறுவனத்துக்கு 1791, காப்புறுதி ஆணையத்துக்கு 1186. சடாவிலிருந்து ஹட்யாய் வரை பெத்கசெம் நெடுஞ்சாலையில் அந்த உறை என் சட்டைப் பைக்குள்தான் இருந்தது. நல்வாய்ப்பாக எந்த எண்ணையும் அழைக்க வேண்டி வரவில்லை.

திரும்பி வரும் வழியில், செப்டம்பர் முதல் நாள் மதியம், சங்லுனில் மீண்டும் நிறுத்தினோம். நாங்கள் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை போகிறவர்கள் என்பதைக் கேட்டதும், ஒன்பது நாள் பத்திரத்தைத் திரும்பத் திரும்ப வாங்குவது வீண் என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். தனியார் மோட்டார் சைக்கிளுக்கான கட்டாயக் காப்புறுதியின் ஆண்டுப் பிரீமியம், வரியும் முத்திரைக் கட்டணமும் நீங்கலாக, 125-க்கு மேல் 150 சிசி வரை 400 பாட், அதற்கு மேல் 600 பாட். அடுத்த முறை நான் ஓராண்டுக்கு எடுப்பதாக இருக்கிறேன். மைத்துனர் அதற்கு முன் வண்டியைத் தம் பெயருக்கு மாற்ற ஜேபிஜே அலுவலகத்தில் நாள் வாங்கியிருக்கிறார். பின்சேர்க்கைக்கான என் விண்ணப்பம் இந்த முறை ஒரு மாதம் முன்பே போய்விட்டது.